ஜிம்னியைத் தூக்கிப் பெரிய டயர் போட்டாச்சு. இப்போது வரும் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது எப்படி?

வண்டியை 2 இன்ச் தூக்கி, 235/75 ஆர்15 ஆல்-டெரெய்ன் டயர் மாட்டிவிட்டு வெளியே வரும்போது எல்லாம் அருமையாகத்தான் இருக்கும். முதல் யூ-டர்னில் ‘சர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பைபாஸில் 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங்கில் நடுக்கம். ரெண்டு நாளில் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. உடனே டயர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இந்தப் புகார்களில் பாதிக்கு மேல் டயருக்குச் சம்பந்தமே இல்லை. வண்டியைத் தூக்கியதால் அடியில் மாறிப்போன கோணங்கள்தான் காரணம்.

இங்கே எடுத்துக்கொள்வது மாருதி சுசூகி ஜிம்னி 5-டோர், 2023 ஜூனில் நம் ஊரில் விற்பனைக்கு வந்தது. முன்னும் பின்னும் முழு ஹவுசிங் (இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஒரே ஆக்ஸில் கூடு), காயில் ஸ்பிரிங், தனி சேசிஸ். 2020-க்குப் பிறகு வந்த மஹிந்திரா தார் வைத்திருப்பவர்களுக்கு உரசல், ஸ்பீடாமீட்டர், ஸ்டெப்னி பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும். காஸ்டர், பானார்ட் ராட் (இரண்டும் என்ன என்று பின்னால் வரும்) பற்றி முன்பக்கத்துக்குச் சொல்வது பொருந்தாது. அதில் முன்னால் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன்.

முதலில் கணக்கு. கம்பெனி டயர் 195/80 ஆர்15 (195 மி.மீ. அகலம், சுவர் உயரம் அதில் 80 சதவீதம், 15 இன்ச் ரிம்). விட்டம் 693 மி.மீ. 215/75 ஆர்15 போட்டால் சுமார் 703. 235/75 ஆர்15 போட்டால் சுமார் 733. அதாவது 40 மி.மீ. விட்டம் கூடுகிறது, அதில் பாதி, 20 மி.மீ. மட்டும்தான் ஹவுசிங்குக்குக் கீழே கூடுதல் இடைவெளியாகக் கிடைக்கும். லிஃப்ட் கிட் பாடியைத்தான் தூக்கும், ஹவுசிங்கைத் தூக்காது. அதைத் தூக்க டயரால் மட்டுமே முடியும்.

215 போட நினைப்பவர்கள் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதியைத் தாண்டிப் போகலாம். கம்பெனி ரிம்மிலேயே உட்காரும், தூக்கவும் வேண்டாம். என்னைக் கேட்டால், வாரம் முழுக்க ஆபீஸ், மாதம் ஒருமுறை கொல்லிமலை என்று ஓட்டுபவருக்கு அதுவே போதும். 235-க்குப் போனால் ரிம்மும் மாற்ற வேண்டும்: கம்பெனி ரிம் 5.5 இன்ச் அகலம், 235/75-க்குக் குறைந்தது 6 இன்ச் வேண்டும்.

செலவு செய்யுமுன் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. வாரண்டி, இன்சூரன்ஸ் இரண்டிலும் இது வந்து நிற்கும். சரி, இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்டும் உரசுகிறது

எங்கே உரசுகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். காதால் தேடினால் ஏமாந்துபோவீர்கள். டயரின் உள் சுவரிலும் வெளி ஓரத்திலும் சாக்பீஸைத் தாராளமாகத் தேய்த்துவிட்டு, காலி மைதானத்தில் இரண்டு பக்கமும் ஃபுல் லாக்கில் வட்டம் அடியுங்கள். முன்னால் ஒருமுறை, ரிவர்ஸில் ஒருமுறை. ரிவர்ஸை விட்டுவிடாதீர்கள், முன்னால் போகும்போது உரசாதது பின்னால் வரும்போது உரசும். சாக்பீஸ் எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் பிரச்சினை.

உள்ளே, ரேடியஸ் ஆர்மில் (ஹவுசிங்கைச் சேசிஸோடு பிணைக்கும் நீளக் கை) ஒட்டியிருந்தால் ரிம்மின் ஆஃப்செட் பொருந்தவில்லை. ஆஃப்செட் என்பது ரிம் ஹப்பில் உட்காரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பது; அது குறையக் குறைய சக்கரம் வெளியே நகரும். கம்பெனி ரிம்மின் ஆஃப்செட் பிளஸ் 5. அதே ஆஃப்செட்டில் 235 போட்டால், 195-ஐவிட டயர் உள்பக்கமாக 20 மி.மீ. நெருங்கும். ஆஃப்செட் 0 என்றால் 15 மி.மீ. நெருங்கும். மைனஸ் 20 என்றால் பழையதைவிட 5 மி.மீ. விலகியே நிற்கும், ஆனால் வெளிப்பக்கம் 45 மி.மீ. நீட்டிக்கொண்டு வரும். உள்ளே காப்பாற்றியதை வெளியே பம்பர் ஓரத்திலும் மட்கார்டு விளிம்பிலும் கொடுத்தாக வேண்டும், வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். ஆகவே பார்க்க அழகாக இருக்கிறது என்று மைனஸ் 20-க்கும் கீழே போவதை நான் சொல்ல மாட்டேன். 0-வில் ஆரம்பித்து, ஆர்மில் லேசாகத் தொட்டால் நக்கிளில் (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் பாகம்) உள்ள ஸ்டியரிங் ஸ்டாப் போல்ட்டைச் சற்று வெளியே எடுத்து லாக்கைக் குறைக்கலாம். திரும்பும் வட்டம் கொஞ்சம் பெரிதாகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அது தெரியும், மற்ற இடங்களில் பழகிவிடும்.

வெளியே, முன் பம்பரின் கீழ் மூலையிலோ மட்ஃபிளாப்பிலோ ஒட்டியிருந்தால் வேலை சுலபம். மட்ஃபிளாப்பைக் கழற்றுங்கள். பம்பர் மூலையின் பிளாஸ்டிக்கை அளந்து வெட்டுங்கள். உள் லைனர் தொட்டால் ஹீட் கன் காட்டி இளக்கிப் பின்னால் தள்ளலாம். வெட்டினால் சேறு உள்ளே போய் ஒயரிங்கில் உட்காரும்.

வீல் ஸ்பேசர் போட்டு இதைச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால், நட்டைத் தனியாகக் கவனியுங்கள். சுசூகியின் வீல் நட் 12 மி.மீ., பிட்ச் (மரை இடைவெளி) 1.25. கடையில் கைக்கு வருவது பல நேரம் 1.5 பிட்ச். முதல் இரண்டு சுற்று ஏறிவிடும். அதற்கு மேல் கன் வைத்து ஏற்றினால் ஸ்டட் போச்சு.

நேராகப் போகும்போது ஒன்றுமில்லை, பள்ளத்தில் விழுந்தால் உரசுகிறது

பலர் தடுமாறுவது இங்கேதான். “2 இன்ச் தூக்கியிருக்கிறேனே, இன்னும் ஏன் உரசுது?” ஏனென்றால் லிஃப்ட் கிட் வண்டி நிற்கும் உயரத்தை மட்டுமே மாற்றுகிறது. ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது டயர் போய்ச் சேரும் இடம் தூக்குவதற்கு முன் எதுவோ அதேதான். அதை முடிவு செய்வது பம்ப் ஸ்டாப், அதாவது ஹவுசிங் மேலே வரும்போது முட்டி நிற்கும் ரப்பர். 4 இன்ச் தூக்கினாலும் பம்ப் ஸ்டாப் பழையது என்றால், டயர் அதே இடத்துக்குப் போய் அதே இடத்தில் மோதும். அங்கே போய்ச் சேர இன்னும் பெரிய பள்ளம் தேவைப்படும், அவ்வளவே.

இதைச் சோதிக்கச் சரியான வழி ஒன்று உண்டு, கொஞ்சம் வேலை பிடிக்கும். சேசிஸை ஸ்டாண்டில் வைத்து, முன் ஸ்பிரிங் இரண்டையும் கழற்றுங்கள். டயரை மாட்டிய நிலையில் ஜாக்கியால் ஹவுசிங்கை பம்ப் ஸ்டாப் முட்டும் வரை ஏற்றுங்கள். ரப்பர் இன்னும் கொஞ்சம் அமுங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இப்போது ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். அப்புறம் ஒரு பக்கம் மட்டும் ஏற்றி, மறுபக்கம் தொங்கவிட்டு அதையே செய்யுங்கள். எத்தனை மில்லிமீட்டர் இடிக்கிறதோ, அதைவிட 5 மி.மீ. கூடுதலாக பம்ப் ஸ்டாப்பை நீட்டுங்கள். ஸ்பேசர் வைத்து நீட்டலாம், பட்டறையில் கடைந்து தருவார்கள்.

ஹவுசிங் தொங்கும்போதே இன்னொரு வேலையையும் முடித்துவிடலாம். பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். ஒயர், ஹவுசிங்கின் பிரீதர் (காற்றுப்போக்கு) குழாய் மூன்றும் விறைத்து நிற்கின்றனவா பாருங்கள். விரலால் அழுத்தினால் வளைந்துகொடுக்க வேண்டும். கம்பி மாதிரி நின்றால் ஹோஸை மாற்றாமல் வண்டியை ரோட்டில் இறக்கக் கூடாது.

பின்பக்கம் இந்தத் தொல்லை குறைவு. அங்கே உரசினால் முதலில் பின்னால் சொல்லப்போகும் பானார்ட் ராடைப் பாருங்கள்.

ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பவில்லை, வண்டி ரோட்டில் அலைகிறது

இதுதான் டயர்மேல் அதிகம் பழி விழும் அறிகுறி. “ஏ.டி. டயர்னா அப்படித்தான் இருக்கும் சார்” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். காரணம் காஸ்டர் கோணம்.

சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால்தான் கைவிட்டு ஓட்ட முடிகிறது. ஜிம்னியின் கிங்பின்னும் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) அப்படித்தான் கொஞ்சம் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வுதான் காஸ்டர். வண்டியைத் தூக்கும்போது ரேடியஸ் ஆர்மின் பின்முனை சேசிஸோடு மேலே போகிறது. முன்முனை ஹவுசிங்கைப் பிடித்துக்கொண்டு கீழேயே நிற்கிறது. ஆர்ம் சாய, அதோடு கெட்டியாகப் பிணைந்த ஹவுசிங்கும் முன்னோக்கி உருள்கிறது. சாய்வு குறைகிறது. ஆர்ம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று வைத்தால், 50 மி.மீ. தூக்கலுக்கு 3 டிகிரி போய்விடும். கம்பெனி கொடுத்திருந்ததே அதைவிட அதிகமில்லாத கோணம் என்றால் மிச்சம் என்ன இருக்கும்?

சோதனை: காலியான சாலையில் 30-ல் ஒரு வளைவு எடுத்து, ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியைத் தளர்த்துங்கள். சோம்பேறித்தனமாகத் திரும்பினாலோ, பாதியில் நின்றாலோ காஸ்டர் போயிருக்கிறது. அலைன்மெண்ட் கடையில் போய் வெறுமனே “அலைன்மெண்ட் பாருங்க” என்றால் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்து அனுப்புவார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. முழு ஹவுசிங் வண்டியில் திருகிச் சரிசெய்யக்கூடியது டோ மட்டும்தான். காஸ்டர் எவ்வளவு என்று பிரிண்ட் கேட்டு வாங்குங்கள். தூக்குவதற்கு முன்பே ஒரு பிரிண்ட் எடுத்து வைத்திருந்தால் ஒப்பிட வசதி.

திருத்த மூன்று வழி. ஆர்மின் முன்முனையில் துளை ஓரமாக அமைந்த காஸ்டர் புஷ் போடுவது விலை குறைவு. ஆனால் தப்பான பக்கம் திருப்பி அழுத்திவிட்டால் இருக்கிற காஸ்டரும் போய்விடும், பிரஸ்ஸில் வைக்குமுன் நீங்களே ஒருமுறை பாருங்கள். சேசிஸ் பக்கம் ஆர்மைக் கீழே இறக்கும் பிராக்கெட் போடலாம். கோணம் நன்றாகத் திரும்பும், ஆனால் அந்த பிராக்கெட் பாறையில் முதலில் இடிக்கும். கோணம் திருத்திய புது ரேடியஸ் ஆர்ம் மூன்றிலும் உருப்படியானது, விலையும் அதற்கேற்ப. 2 இன்ச் வரைக்கும் புஷ்ஷே போதும் என்பது என் எண்ணம்.

ஸ்டியரிங் ஒரு பக்கம் கோணலாக நிற்கிறது, பின்னால் இருந்து பார்த்தால் வண்டி ஒருபுறம் ஒதுங்கித் தெரிகிறது

பானார்ட் ராட். ஹவுசிங் பக்கவாட்டில் ஓடாமல் பிடித்து வைப்பது இதுதான். ஒரு முனை சேசிஸில், மறுமுனை ஹவுசிங்கில். வண்டியைத் தூக்கினால் ராட் செங்குத்தாகச் சாய்கிறது, சேசிஸ் முனை இருக்கும் பக்கமாக ஹவுசிங்கை இழுக்கிறது. சில மில்லிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை நகரலாம். நூலில் ஒரு போல்ட்டைக் கட்டி மட்கார்டு விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் டயர் சுவருக்கு உள்ள தூரத்தை அளந்தால் தெரிந்துவிடும். வித்தியாசத்தில் பாதிதான் நகர்வு. நீளம் கூட்டிக் குறைக்கும் பானார்ட் ராட் போட்டால் சரியாகும்.

முன்பக்கம் ஒரு எச்சரிக்கை. பானார்ட் ராடும் டிராக் லிங்க்கும் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) ஏறத்தாழ ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் பிராக்கெட் போட்டு இறக்கினால் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்டியரிங் தானாக இடம் வலம் வெட்டும்.

ஸ்டியரிங் கோணலை டிராக் லிங்க்கின் திருகில்தான் நேராக்க வேண்டும். ஸ்டியரிங் வீலைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுவது பழைய ஜீப் காலத்துக் கைவேலை. இதில் ஸ்டியரிங் கோண சென்சார் இருக்கிறது. அதற்கு நேர் எது என்று குழம்பிவிட்டால் ஈ.எஸ்.பி. (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரியும்.

70-லிருந்து 90-க்குள் ஸ்டியரிங் நடுங்குகிறது, சில நேரம் பேயாட்டம் ஆடுகிறது

இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்து, அதைத் தாண்டினால் குறையும் மெல்லிய நடுக்கம் பேலன்சிங். ஒரு மேட்டிலோ பாலத்தின் ஜாயிண்ட்டிலோ இடித்ததும் ஆரம்பித்து, கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்குகிற மாதிரி ஆடி, வேகம் நன்றாகக் குறைந்தால் மட்டுமே அடங்குவது வாப்ளிங். இரண்டாவது வந்தால் பதறிப் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டு மெதுவாக இறக்குங்கள். மறுபடி ஓட்டிப் பார்த்து உறுதி செய்கிறேன் என்று கிளம்ப வேண்டாம்.

முதல் வகைக்கு: பேலன்ஸ் செய்யும்போது ரிம் எப்படி உட்காருகிறது என்று பாருங்கள். ஜிம்னியின் நடுத்துளை 108 மி.மீ. வெளி ரிம்களில் அது பெரிதாக இருந்தால் ரிம் ஹப்பில் உட்காராமல் நட்டின் பலத்தில் மட்டும் தொங்கும். ஒரு நூல் விலகினாலும் எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் நடுக்கம் போகாது. வளையம் போட்டோ, காற்றில் தூக்கிய நிலையில் நட்டுகளை எதிரெதிராகக் கையால் ஏற்றியோ நடுப்படுத்துங்கள். காற்றழுத்தமும் இதில் உண்டு. பழைய ஸ்டிக்கரில் உள்ள அளவு புது டயருக்கு அப்படியே பொருந்தும் என்றில்லை. டிரெட்டின் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு.

இரண்டாவது வகைக்கு ஸ்டியரிங் டேம்பரை (ஸ்டியரிங்கின் ஆட்டத்தை அடக்கும் சிறு ஷாக்) மாற்றிவிட்டு நிம்மதியாகாதீர்கள். புது டேம்பர் ஆட்டத்தை அமுக்கி வைக்கும், ஆட்டத்தின் காரணம் கீழே அப்படியே தேய்ந்துகொண்டிருக்கும். பெரிய டயரின் எடை பழைய தேய்மானத்தை வெளியே கொண்டுவந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி தரையில் நிற்க, இன்ஜின் ஓட, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது ஆட்டட்டும். நீங்கள் கீழே படுத்துப் பாருங்கள். பானார்ட் ராடின் புஷ்ஷோ போல்ட்டோ அசைகிறதா? டை ராட் எண்ட் (இரு முன் சக்கரங்களையும் இணைத்துத் திருப்பும் கம்பியின் முனை) மேலும் கீழும் குதிக்கிறதா? அடுத்து முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காமல் இருந்தால் கிங்பின் பேரிங். கடைசியாக டை ராடைக் கழற்றிவிட்டு நக்கிளைக் கையால் திருப்புங்கள். லேசான இறுக்கத்தோடு வர வேண்டும். கதவு மாதிரி தானாக ஆடினால் பேரிங்கின் பிரீலோட் (ஆரம்ப இறுக்கம்) போய்விட்டது, ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்ய வேண்டும்.

காஸ்டர் குறைவும் வாப்ளிங்கைத் தூண்டும். மேலே சொன்னதைத் திருத்தாமல் பாகங்களை மட்டும் மாற்றினால் திரும்பி வரும்.

ஸ்டியரிங்கில் இல்லை, தரையிலும் சீட்டிலும் அதிர்வு

ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதும் விடும்போதும் அதிர்வு மாறினால் டயரைத் தொடாதீர்கள், ஹவுசிங்குக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணத்தைப் பாருங்கள். 2எச்-சில் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) முன் ஹப்கள் விடுபட்டிருப்பதால் முன் ஷாஃப்ட் சுற்றாது. ஆகவே 2எச்-சிலேயே அதிர்ந்தால் பின் ஷாஃப்ட். மண்சாலையில் 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டால் மட்டும் அதிர்ந்தால் முன் ஷாஃப்ட். 4எச் சோதனையைத் தார்ச்சாலையில் செய்ய வேண்டாம். காஸ்டருக்காக ஹவுசிங்கைத் திருப்பும்போது முன் ஷாஃப்டின் கோணம் மோசமாகும் என்பதும் இங்கே நினைவில் இருக்கட்டும். காஸ்டரை முழுசாகத் திரும்பப் பெற ஆசைப்பட்டால் அதிர்வு கூடவே வரும். 2 இன்ச்சுக்கு மேல் தூக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணமே இந்த இழுபறி.

இழுவை குறைந்துவிட்டது, மைலேஜும் விழுந்துவிட்டது

இழுவை குறைந்தது நிஜம். விட்டம் 5.8 சதவீதம் கூடினால் ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்கு நீண்டுவிடும். 1.5 லிட்டர், 134 நியூட்டன் மீட்டர் டார்க், 1,200 கிலோவை ஒட்டிய வண்டி. கூடவே டயரின் சொந்த எடை. ஏற்றத்தில் ஐந்தாம் கியரை மறந்துவிட்டு நாலில் ஓட்டுங்கள். மலையில் செங்குத்தான இடத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது கிளட்ச் வாடை வந்தால், மண்ணாக இருக்கும் பட்சத்தில் 4எல் (நான்கு சக்கரமும் தாழ்ந்த கியரில் இழுக்கும் நிலை) போடுங்கள், அதற்குத்தானே இருக்கிறது.

மைலேஜ் விழுந்ததில் ஒரு பகுதி கணக்குப் பிழை. ஓடோமீட்டர் இப்போது குறைத்துக் காட்டுகிறது: 300 கி.மீ. என்று காட்டினால் ஓடியது சுமார் 317. திருத்திக் கணக்கு போட்டுவிட்டு அப்புறம் வருத்தப்படலாம். ஸ்பீடாமீட்டர் கம்பெனியிலிருந்தே சற்றுக் கூட்டிக் காட்டுவது வழக்கம் என்பதால், பெரிய டயரில் அது ஏறக்குறைய உண்மையைச் சொல்லக்கூடும், அல்லது குறைத்தும் காட்டக்கூடும். போன் ஜி.பி.எஸ்.ஸோடு 60-லும் 80-லும் ஒப்பிட்டு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வேகக் கேமராவுக்கு உங்கள் டயர் அளவு தெரியாது.

மஞ்சள் விளக்கு எரிகிறது

நான்கு டயரும் ஒரே அளவு என்றால் ஏ.பி.எஸ்.ஸுக்குப் பெரிய டயர் என்பதே தெரியாது. நான்கு சக்கரங்களின் வேகத்தை ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் அதன் வேலை. எனவே விளக்கு எரிந்தால் ஒன்று, இழுபட்ட அல்லது கழன்ற சென்சார் ஒயர். இல்லையென்றால் டிராக் லிங்க்கைத் திருத்தாமல் விட்ட ஸ்டியரிங் கோணம். அதுவும் இல்லையென்றால் பஞ்சராகி மாட்டிய பழைய 195 ஸ்டெப்னி.

ஸ்டெப்னியைச் சிக்கனம் பார்த்துப் பழைய அளவிலேயே விட்டுவைப்பவர்கள் அதிகம். அதை மாட்டிக்கொண்டு 2எச்-சில் மெதுவாகப் பஞ்சர் கடை வரை போகலாம். 4எச் போட்டால் முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்றி டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன்னும் பின்னும் பிரித்து அனுப்பும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும். மலை மேலே பஞ்சரானால் எந்த நேரத்தில் 4எச் தேவைப்படும் என்பது உங்களுக்கே தெரியும். ஐந்தாவதையும் 235 ஆகவே வாங்குங்கள். பின்கதவில் மாட்டும்போது கீழே பம்பரில் உரசினால் ஸ்டெப்னி பிராக்கெட்டை உயர்த்த வேண்டும். எடை கூடியதால் கதவின் கீல் தொய்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்: கதவைத் திறந்து ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கினால் ‘டக்’ என்று அசையக் கூடாது. அசைந்தால் கீல் போல்ட்டை இறுக்கி, கதவு பூட்டும் கொண்டியையும் சரிசெய்ய வேண்டும்.